சாலையிலிருந்து அளந்த வெள்ளம்

"2-12-2015, புதன். காலை 6.10. வாசல் சாலையில் தண்ணீர் 18 அங்குலம். மழை விட்டிருக்கிறது. மின்சாரம் இல்லை. பால் வரவில்லை. எதிர் வரிசையில் இரண்டு ஸ்கூட்டர்கள் சக்கரம் முழுக்க மூழ்கியுள்ளன."

அந்த நாளுக்கு என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான். இதை எழுதும்போது நான் சமையல் மேடைமீது கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றது. அதை நான் அளக்கவில்லை. உள்ளே வந்தது எங்கள் வீட்டுச் சங்கடம், சாலையில் நிற்பதுதான் ஊரின் செய்தி என்று அப்போது நினைத்திருக்க வேண்டும்.

பெருங்களத்தூர் ரயில் நிலையத்திலிருந்து பீர்க்கன்கரணை ஏரிப் பக்கமாக நடந்தால் இருபது நிமிடத்தில் வரும் காலனி எங்களுடையது. 1996இல் வீடு கட்டினோம். நான் கிண்டியில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். என் மனைவி தாம்பரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் தெருவில் இன்று மீசை வைத்திருக்கும் பாதிப் பேருக்கு அவள்தான் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தாள். அதனால் தெருவுக்கே அவள் டீச்சர். நான் டீச்சர் வீட்டு சார்.

நோட்டு எழுதும் பழக்கம் வீடு கட்டிய ஆண்டே தொடங்கியது. மழை பெய்த நாட்கள், கிணற்றில் தண்ணீர் நின்ற ஆழம், கோடையில் முதல் தண்ணீர் லாரி தெருவுக்குள் வந்த தேதி, வேப்பமரம் பூத்த தேதி, இப்படி. பருவநிலை மாறுவதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் என் நோட்டில் இருப்பது ஒரு தெருவின் சங்கதி மட்டுமே. மழை பெய்யும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன, பெய்கிற நாளில் கொட்டுவது கூடிக்கொண்டே வருகிறது. வேம்பு முன்போலப் பங்குனியில் பூப்பதில்லை, தனக்குத் தோன்றும்போது பூக்கிறது. 2019 கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு முற்றிலும் வற்றி, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றோம். வரிசையில் நின்றபடியே என் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம், "நாலு வருஷம் முன்னாடி எங்க ஹால்ல கெளுத்தி மீன் நீந்திச்சு. இப்ப முகம் கழுவ ஒரு சொம்புதான்" என்றாள். அதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளத்தை அளக்க என்னிடம் ஒரு மூங்கில் கழி உண்டு. அதில் அங்குலக் கோடுகளை நானே கீறி, எண்களைக் கறுப்பு பெயின்டில் எழுதியிருந்தேன். முதலில் மின்கம்பத்தின் அடியில்தான் அளந்தேன். "கரண்ட் கம்பத்துக்கிட்ட தண்ணில இறங்கி நின்னு அளக்கறீங்களே, அப்புறம் தேதியை யார் எழுதறது?" என்று என் மனைவி கேட்டதால், கேட்டுக்கு வெளியே சாலை ஓரமாக இடத்தை மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு எப்போதும் அதே இடம், அதே கழி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

11-11-2021, வியாழன். அதே இடத்தில் 13 அங்குலம்.

4-12-2023, திங்கள். 11 அங்குலம்.

மூன்று எண்களையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். கோடு அழகாகக் கீழே இறங்கியது. மழை கடுமையானாலும் எங்கள் தெருவில் வெள்ளம் குறைந்துவருகிறது, கால்வாய் தூர்வாரியதன் பலன் இது என்று ஒரு பத்தி எழுதி, தாளைப் படமெடுத்துக் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினான்கு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் மட்டும், "சார், அப்ப எங்க வீட்ல சோபா ஏன் மிதந்துச்சு?" என்று கேட்டிருந்தார். உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். இன்று அந்தப் பதிலைப் படிக்கும்போது காது சூடாகிறது.

2023 வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் படிந்த சேற்றை என் மனைவி பதினொரு நாள் கழுவினாள். நானும் கூட நின்றேன், ஆனால் கழுவியது அவள்தான். இரண்டு கையிலும் முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள், துணி காயவைக்கும் கொடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நான் கழுவ மாட்டேன். பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம். அவ கூப்பிட்டுட்டேதான் இருக்கா."

மகள் கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு வரச்சொல்லி இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு அங்கே நான்கு நாளுக்கு மேல் இருப்புக்கொள்ளாது. "பால்கனில நின்னா எல்லாரும் எறும்பு மாதிரி தெரியறாங்க. யாரு எவருன்னு எப்படிக் கூப்பிடறது?" என்பாள். அப்படிப்பட்டவள் போய்விடலாம் என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் வீட்டைத் தூக்கும் யோசனைக்கு வந்தேன்.

தென்சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, வீட்டைச் சுற்றிலும் உள்ளேயும் ஜாக்கிகளை வரிசையாகச் செருகி, ஒரே குரலுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் திருகி, மொத்த வீட்டையும் கூரையோடு மேலே ஏற்றுவார்கள். பிறகு அடியில் செங்கல் சுவர் கட்டி, உள்ளே மண் நிரப்பிப் புதுத் தரை போடுவார்கள். எங்கள் பகுதியில் ஏழெட்டு வீடுகள் அப்படி ஏறியிருந்தன.

மேஸ்திரி வடக்கிலிருந்து வந்தவர். சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எவ்ளோ ஃபீட் சார்? ஒரு தடவதான் தூக்கும். அப்புறம் இந்த வீடு தாங்காது."

நான் நோட்டைத் திறந்து கட்டத்தாளைக் காட்டினேன். "ரெண்டடி போதும். தண்ணி வருஷா வருஷம் குறைஞ்சுட்டுதான் இருக்கு. ரெண்டடியே அதிகம்."

அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கி மரியாதையாகப் பார்த்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மூணரை."

"எதை வெச்சு மூணரைங்கிற?"

"செங்கலை வெச்சு."

2015க்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் அவள் செங்கற்களை அடுக்கி வைத்திருந்தாள். புயல் அறிவிப்பு வந்ததும் ஃப்ரிட்ஜ் செங்கல் மேல் ஏறும். 2015இல் ஃப்ரிட்ஜின் அடியில் இரண்டு செங்கல் உயரத்துக்கு நனைந்தது, 2021இல் மூன்று செங்கல் முழுகியது, 2023இல் நான்கு. இதை எழுதிவைக்காமலே சொன்னாள். "உங்க நோட்டுல குறையுது, என் ஃப்ரிட்ஜ் ஏறிட்டே போகுது. எது பொய்?"

செங்கல் எல்லாம் ஓர் அளவாகுமா என்றேன். ஒன்று இரண்டே முக்கால் அங்குலம் இருக்கும், ஒன்று மூன்று இருக்கும் என்றேன். மேஸ்திரி சங்கடப்பட்டுத் தண்ணீர் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் பின்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அவர் இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். எங்கள் காலனி மனைகளில் பாதி அவருடைய அப்பா நெல் விளைத்த நிலம். இப்போது பெருங்களத்தூரில் சிமென்ட், கம்பி, ஜல்லி விற்கும் கடை வைத்திருக்கிறார். என் வயதுதான். எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறார்.

"இன்னா சார், வூட்டத் தூக்கப்போறீங்களாமே. எவ்ளோ?"

"ரெண்டடி."

"ரெண்டடியா? அதுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ பேஜாரு? நாலு பேரு நின்னு மூச்சு புடிச்சினு தூக்குனாலே வந்துடும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். "அண்ணா, நீங்களே சொல்லுங்க. எழுதி வெச்சிருக்கேன், எழுதி வெச்சிருக்கேன்னு நிக்கறாரு."

"எழுத்து இருந்தா சார் வுட மாட்டாரு டீச்சர். மொதல்ல அந்த பீரோவ நவுத்தலாம், எப்டியும் எடுக்கணும் இல்ல."

ஹாலின் மேற்குச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது. நகர்த்த ஆள் போதாது என்று, வெள்ளையடிக்க வருபவர்கள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் அடித்துவிட்டுப் போவார்கள். நானும் அவரும் மேஸ்திரியும் சேர்ந்து அதை நகர்த்தினோம். பின்னால் 1996இன் இளமஞ்சள் சுவர் அப்படியே இருந்தது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பழுப்புக் கோடுகள்.

ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து தரையிலிருந்து அளந்தேன். முதல் கோடு ஆறு அங்குலம். அடுத்தது ஒன்பது. மேலே இருந்தது பன்னிரண்டு.

இரண்டு செங்கல், மூன்று செங்கல், நான்கு செங்கல். என் மனைவி காபி போடப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சுவரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பதினெட்டு, பதின்மூன்று, பதினொன்று. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. இரண்டுமே என் கையால் அளந்தவை. ஒரே தண்ணீர் வெளியே இறங்கிக்கொண்டும் உள்ளே ஏறிக்கொண்டும் எப்படி இருக்க முடியும்? சத்தமாகவே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. பின்வீட்டுக்காரர் வாசலைக் காட்டினார்.

"உங்க கேட்டாண்ட மூணு படி இருந்துச்சே சார், செவப்பு சிமென்ட் பூசினது. கிருகப்பிரவேசத்தன்னிக்கு நான்கூட தடுக்கி வுயுந்தேன். எங்க அது?"

நான் வாசலுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே படியே இல்லை. சாலையிலிருந்து உள்ளே வர, ஓர் அங்குலம் இறங்கி நடந்தேன். எத்தனை வருடங்களாக அப்படி இறங்கி நடக்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் கடையிலிருந்து கடப்பாரை வரவழைத்தார். கேட்டின் ஓரமாக நானும் அவரும் தோண்டினோம். தார், ஜல்லி, மறுபடி தார், கொஞ்சம் சிமென்ட், கீழே இன்னொரு தார். அரை மணிநேரத்தில் சிவப்புப் படியின் விளிம்பு தெரிந்தது. அடிப்படி வரை போக மத்தியானம் ஆகிவிட்டது. படியின் அடியில் பழைய செம்மண் சாலை. அங்கிருந்து இன்றைய சாலையின் மேல்பரப்பு வரை பத்தொன்பது அங்குலம். என் கழி ஒவ்வொரு வெள்ளத்திலும் அதே இடத்தில்தான் நின்றது. அது நின்ற இடம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது.

இதில் என்னை அதிகம் வருத்தியது வேறு. புதுச் சாலை போட்ட ஒவ்வொரு தேதியும் என் நோட்டில் இருக்கிறது, 'நல்ல செய்தி' என்ற தலைப்பில். சாலை வேண்டும் என்று காலனிச் சங்கத்தின் சார்பில் மனு எழுதியதே நான்தான். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. புதுத் தார் வாசனையில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தோம். ரோலர் ஓட்டியவருக்கு என் மனைவி மோர் கொடுத்தாள்.

"மூணரை அடி" என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

"நாலா போட்டுடலாமா சார்?" என்றார் பின்வீட்டுக்காரர். "இன்னும் எத்தினி ரோடு போடப்போறானோ."

"மூணரை போதும் அண்ணா" என்றாள் என் மனைவி. "எனக்கும் முட்டி வலி இருக்கு. படி ஏறணும் இல்ல."

2024 வைகாசியில் வேலை தொடங்கியது. மூன்று மாதம் நாங்கள் பின்வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தோம். அவருடையது ஓடு வேய்ந்து, பின்பு பகுதி பகுதியாகத் தளம் போட்ட பழைய வீடு. எங்கள் மனையைவிடக் கொஞ்சம் தாழ்வான இடம், ஆனால் திண்ணையும் வாசற்படியும் உயரம். வாடகைப் பேச்சை எடுத்ததும் அவர் மனைவி, "டீச்சரு எம் புள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்ததுக்கு வாடவ எவ்ளோன்னு சொல்லட்டும், நாங்களும் சொல்றோம்" என்று முடித்துவிட்டார். அந்த வருடக் கத்திரி வெயிலில் ராத்திரியும் சுவர் சூடு தணியவில்லை. பகலில் இரண்டு பெண்களும் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள். நான் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு எங்கள் வீடு ஏறுவதைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி ஒரு குரல் கொடுப்பார். உள்ளேயும் வெளியேயும் குந்தியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருகுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. என் மனைவி எங்கள் வீட்டுச் சமையல் மேடைமீது ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்திருந்தாள். மாலையில் ஆட்கள் போனதும் போய்ப் பார்ப்பாள். "சிந்தல" என்று வந்து சொல்வாள். முதல் வாரம் நான் அதைக் குறிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் எழுதினேன்: 'டம்ளர்: சிந்தவில்லை.' ஒரு நாள் மட்டும் 'சிறிது சிந்தியது, கிழக்கு மூலை' என்று எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை அதை மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் கிழக்கு மூலையில் இரண்டு ஜாக்கிகளை மாற்றினார்.

வீட்டுக்குள் மட்டும் மண் நிரப்பினால் போதாது, சுற்றிலும் நிரப்பாவிட்டால் அஸ்திவாரத்தடியில் தண்ணீர் தேங்கும் என்றார்கள். தோட்டத்திலும் இரண்டரை அடி மண் கொட்டினோம். அந்த மண்ணையும் பின்வீட்டுக்காரர்தான் ஏற்பாடு செய்தார். தன் ஆட்களை வைத்து நின்று பரப்பி, தண்ணீர் ஊற்றி இடித்துக் கொடுத்தார். ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். புதுப் படிகள் ஏழு. தெருவில் போகிறவர்களை என் மனைவி இப்போது மேலேயிருந்து கூப்பிட்டாள்.

அந்தக் கார்த்திகையில் புயல் மழை வந்தது. விடிந்ததும் சாலையில் அளந்தேன். பதினான்கு அங்குலம். அதோடு நிற்காமல், பழைய சிவப்புப் படியின் அடியை ஆரம்பமாக வைத்தும் கணக்கிட்டு எழுதினேன். பிறகு ஏழு படி ஏறி உள்ளே வந்தேன். தரை காய்ந்திருந்தது. என் மனைவி ஹாலின் நடுவில் வெறுங்காலுடன் நின்று, பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு ஃபோன் பண்ணி, வரலன்னு சொல்லிடுங்க" என்றாள்.

மகளிடம் பேசி முடிப்பதற்குள் அவள் பின்பக்க ஜன்னலுக்குப் போய்விட்டாள். ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். பிறகு, "அண்ணா, உள்ள வந்துடுச்சா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

நானும் போய்ப் பார்த்தேன். பின்வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலில் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நின்று, மாவு அரைக்கும் கிரைண்டரை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"லைட்டா வந்துகினு கீது டீச்சர். ஒண்ணும் இல்ல. காபி போட்டு வைங்க, வர்றோம்."

அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மூன்று நாள் எங்கள் ஹாலில் இருந்தார்கள். இரண்டாம் நாள் சாப்பிடும்போது என் மனைவிதான் கேட்டாள். "நாங்க மண்ணு கொட்டினதாலயா அண்ணா?"

"அட, அதெல்லாம் இல்ல டீச்சர். மழ ஜாஸ்தி. ஏரி ரொம்பிக்கீது. எங்க வூட்ல முன்னயும் வந்துகீது."

"எங்க வந்துச்சு?" என்றார் அவர் மனைவி. "நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருசம். வாசப்படி தாண்டினதே இல்ல."

"2015ல வந்த பெரிய வெள்ளத்துல தாண்டுச்சு. நீ உன் தங்கச்சி பொண்ணு பிரசவத்துக்குக் கீழ்க்கட்டளைல இருந்த. நான்தான் ஒத்தையா கழுவினேன்."

"நீ கழுவுன? பிரசவம் பொங்கலுக்கு அப்பால. பொய் சொல்றதுன்னா சாரு முன்னாடி சொல்லாத, எழுதிக்குவாரு."

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவர்கள் போனபின் நோட்டுகள் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தேன். மூன்று வெள்ளங்கள் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. எதிர் வரிசை ஸ்கூட்டர் இருக்கிறது, பால் வராதது இருக்கிறது, எங்கள் ஹாலில் நீந்திய கெளுத்தி மீன்கூடப் பின்னால் வந்த ஒரு குறிப்பில் இருக்கிறது. பின்வீட்டில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று ஒரு வரி இல்லை. முப்பது அடி தூரம். ஜன்னலைத் திறந்தால் தெரியும்.

தை மாதம் எங்கள் தோட்டத்து மண்ணில் பின்சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் சாலைப் பக்கம் திரும்பும்படி செய்திருக்கிறோம். என் மனைவிதான் நின்று வெட்டவைத்தாள். அடுத்த பெருமழையில் அது எவ்வளவு இழுக்கும் என்று தெரியாது. கழியில் புதுக் கோடுகள் போட்டு, இன்னொரு கழியைப் பின்வீட்டு வாசற்படியருகே நட்டிருக்கிறேன். "இன்னா சார், எங்க வூட்டுக்கும் நோட்டா?" என்றார் அவர்.

அவருடைய மைத்துனியின் பேரக்குழந்தை பிறந்த தேதியைக் கீழ்க்கட்டளைக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த பழைய பையில் தேடிச் சொல்கிறோம் என்றார்கள். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வந்தாலும் அவர் மனைவி அப்போது ஊரில் இருந்தாரா என்பது மட்டுமே தெரியும். நாங்கள் மண் கொட்டுவதற்கு முன்பு பின்வீட்டு வாசற்படியைத் தண்ணீர் எப்போதாவது தாண்டியதா என்பது உறுதிசெய்யப்படவில்லை.